ஃபயர் பம்புக்கு எந்த வழியில் கேபிள்? கடலோரக் கட்டடங்களுக்கான ஒப்பீடு

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் கட்டுகிறவர்கள், கீழக்கரையில் கல்யாண மஹால் வைத்திருப்பவர்கள், மண்டபம் ஊர்ப் பக்கம் மீன் பதப்படுத்தும் கம்பெனி நடத்துகிறவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள். "ஃபயர் பம்புக்கும் எமர்ஜென்சி லைட்டுக்கும் ஒரே ஜெனரேட்டர்தானே, ஒரே கேபிளில் எடுத்தால் என்ன? தனித்தனியாகத்தான் எடுக்கணும்னா மண்ணுக்கடியில் போடலாமா, கான்கிரீட்டுக்குள் புதைக்கலாமா, விலை கூடின ஃபயர் கேபிளை வாங்கணுமா? இல்லை, பேசாமல் டீசல் பம்பு வாங்கிப் போட்டுடலாமா?"

முதல் கேள்விக்குப் பதில், கூடாது. ஜெனரேட்டர் ஒன்றாக இருக்கலாம், அதிலிருந்து கிளம்பும் வயர் ஒன்றாக இருக்கக் கூடாது. இரண்டாவது கேள்விக்குப் பதில் கட்டடத்தையும் அது நிற்கும் மண்ணையும் பொறுத்தது.

## விதி என்ன சொல்கிறது

நம் நாட்டில் இதற்கு அடிப்படை, தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, பகுதி 4. ஃபயர் பம்பு, லிஃப்ட், மாடிப்படி மற்றும் நடைபாதை விளக்கு இவற்றுக்கெல்லாம் மெயின் பேனலில் இருந்தே தனித்தனி சர்க்யூட் வேண்டும் என்கிறது அது. ஒன்றில் தீப்பிடித்தால் மற்றது பாதிக்காதபடி ஒவ்வொன்றும் தனிக் காண்டூயிட்டில் (வயர் போகும் குழாயில்) போக வேண்டும். கிளம்பும் இடத்தில் இருக்கும் பிரேக்கரில் 'நோ வோல்ட்' காயிலைக் கழற்றிவிட வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் காயில் இருந்தால் கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் பிரேக்கர் விழுந்துவிடும். யாராவது போய்த் தூக்கிவிட வேண்டும். தீப்பிடித்த நேரத்தில் யார் போவது?

அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு இதை இன்னும் விரிவாகப் பேசுகிறது. ஃபயர் பம்புக்குப் பிரிவு 695, எமர்ஜென்சி மின்சாரத்துக்குப் பிரிவு 700 என்று இரண்டு தனி அத்தியாயங்கள். இங்கே அது சட்டமில்லை. ஆனால் வெளியூர் கன்சல்டன்ட் போட்டுக் கொடுக்கும் டிராயிங்கிலும், பெரிய இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் கேள்விப் பட்டியலிலும் அதுதான் வந்து நிற்கும். அதன்படி பம்புக்கு மின்சாரம் கொண்டுபோகும் கேபிள் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும். உள்ளே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் குறைந்தது 50 மி.மீ. கான்கிரீட்டுக்குள் இருக்க வேண்டும், அல்லது 2 மணி நேரம் தீ தாங்கும் சுவருக்குள் இருக்க வேண்டும், அல்லது 2 மணி நேரம் தாங்கும் என்று சோதித்துச் சான்று பெற்ற கேபிள் முறையாக இருக்க வேண்டும். நாம் பார்க்கப்போகும் முதல் மூன்று வழிகளும் இங்கிருந்து வருபவைதான்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? மற்ற மோட்டார்களுக்கு ஓவர்லோடு ரிலே இருக்கும், சூடானால் நிறுத்தும். ஃபயர் பம்பில் அது தலைகீழ். மோட்டார் எரிந்தே போனாலும் பரவாயில்லை, கடைசிச் சொட்டுத் தண்ணீர் வரை தள்ளட்டும் என்பதுதான் கணக்கு. 30 கிலோவாட் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது சுமார் 54 ஆம்பியர் இழுக்கும். டைரக்டாக ஸ்டார்ட் ஆகும்போது 320 ஆம்பியரைத் தொடும். பம்பு அச்சு இறுகி நின்றுபோனாலும் அந்த 320-ஐத் தாங்கிக்கொண்டு விழாமல் நிற்கும் பிரேக்கரைத்தான் வைக்கச் சொல்கிறது அமெரிக்க விதி; ஷார்ட் சர்க்யூட் ஆனால் மட்டும் விழ வேண்டும். கேபிளையோ 54-க்கு 125 சதவீதம், அதாவது 68 ஆம்பியருக்குக் குறையாமல் பார்த்துப் போட்டால் விதிக்குப் போதும். அப்படியென்றால் அந்தக் கேபிளே சூடாகித் தீயைக் கிளப்பக்கூடிய ஒன்று. கட்டடத் தீயில் இருந்து பம்பைக் காப்பாற்றவும் பிரிக்கிறோம், பம்புக் கேபிளில் இருந்து கட்டடத்தைக் காப்பாற்றவும் பிரிக்கிறோம். இந்த இரண்டாவது காரணத்தை யாரும் சொல்வதில்லை. அது புரிந்துவிட்டால், எமர்ஜென்சி லைட் போர்டில் சும்மா இருக்கும் ஒரு பிரேக்கரில் பம்பைக் கோக்க யாருக்கும் கை வராது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து. தீ அந்த வழியிலேயே எரிந்தால் கேபிள் எவ்வளவு நேரம் தாங்கும்? உப்புக்காற்றிலும் உப்புத்தண்ணீரிலும் எத்தனை வருஷம் உழைக்கும்? பின்னால் ஒரு பழுது வந்தால் பார்க்க, மாற்ற முடியுமா? இன்று பிரித்து வைத்தது நாளைக்கும் பிரிந்தே இருக்குமா, இல்லை வேறு ஆள் வந்து பக்கத்திலேயே நாலு வயர் இழுத்துவிடுவாரா? கடைசியாகப் பணம்: வாங்கும் விலையும், அப்புறம் வந்து கேட்கும் விலையும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு விஷயம், பம்பு எங்கே இருக்கிறது என்பது. கீழே சம்புக்குப் பக்கத்தில் இருந்தால் நான்கு வழியும் திறந்திருக்கிறது. உயரம் குறைந்த பல லாட்ஜுகளில் மொட்டை மாடித் தொட்டிக்கு அருகே 10, 12 குதிரைத்திறனில் பம்பு வைத்திருப்பார்கள். அங்கே கேபிள் கட்டடத்தில் ஏறித்தான் ஆக வேண்டும். மண்ணுக்கடியில் போகும் வழி அங்கே பாதியோடு நின்றுவிடும்.

## வழி 1: கட்டடத்துக்கு வெளியே, மண்ணுக்கடியில்

சாதாரண எக்ஸ்.எல்.பி.இ. (பிளாஸ்டிக் காப்பு) ஆர்மர்டு கேபிள், அதாவது உறைக்குள் கம்பிக் கவசம் உள்ளது, முக்கால் மீட்டருக்குக் குறையாத ஆழம், மேலே செங்கல் அடுக்கி எச்சரிக்கை நாடா. தீ அந்த இடத்துக்கு வரவே வராது. 2 மணி நேரமா 3 மணி நேரமா என்ற பேச்சே இல்லை.

நம் கரையில் மணல் வெட்டச் சுலபம். ஆனால் அதே மணல்தான் பிரச்சினையும். ஐப்பசி, கார்த்திகையில் ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் குழி தோண்டினால் பல இடங்களில் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் நிற்கும், அதுவும் உப்பு. ஆர்மர் கம்பியின் மேலுறை இழுக்கும்போது ஓரிடத்தில் கீறினாலும் போதும், அங்கிருந்து துரு உள்ளே போகும். அதனால் கேபிளை அப்படியே மண்ணில் போடாமல் இரட்டைச் சுவர் எச்.டி.பி.இ. (கெட்டிப் பிளாஸ்டிக்) குழாய்க்குள் விடுங்கள். நடுவில் ஜாயிண்ட் கூடாது. முழு நீளமாக ஒரே கேபிளாக வாங்குங்கள். கோடையில் காய்ந்த மணல் சூட்டை வெளியே விடாது என்று சிலர் தடித்த கேபிளாகக் கேட்பார்கள். ஏ.சி. கேபிளுக்கு அது நியாயம். எப்போதாவது ஓடும் பம்புக்கு வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது என்ற கணக்குத்தான் பெரும்பாலும் அளவைத் தீர்மானிக்கும்.

மறைந்த செலவு இங்கே மண்வெட்டியில் இருக்கிறது. செப்டிக் டேங்க் வேலைக்கோ தண்ணீர் பைப்புக்கோ வருகிறவர் கேபிள் போகும் தடம் தெரியாமல் வெட்டுவார். அதற்குத் தடக்கல் நட்டு, வரைபடத்தை லேமினேட் செய்து பேனல் அறையில் மாட்டுங்கள். செலவென்று சொல்ல ஒன்றுமில்லை. ஈ.பி. பக்கத்தில் இருந்து ஒன்று, ஜெனரேட்டரில் இருந்து ஒன்று என இரண்டு கேபிள் பம்பு அறைக்கு வருமென்றால், இடம் இருக்கிற வரைக்கும் கட்டடத்தின் இரண்டு பக்கமாகக் கொண்டு வாருங்கள். ஒரே குழியில் இரண்டையும் போட்டால் ஒரே மண்வெட்டி இரண்டையும் வெட்டும்.

## வழி 2: கான்கிரீட்டுக்குள் அல்லது தனி ஷாஃப்டில்

புதுக் கட்டடத்துக்கு மட்டும். கூரை வார்க்கும்போதே குழாய் வைத்து, சுற்றிலும் 50 மி.மீ. கான்கிரீட் வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே இரும்புக் காண்டூயிட் வேண்டாம். கடலோர மணலோ உப்புத்தண்ணீரோ கலவையில் கலந்துவிட்டால், கம்பியை அரிக்கிற குளோரைடு அந்தக் குழாயையும் அரித்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கெட்டியான பி.வி.சி. குழாய் போதும், தீயைத் தாங்குவது கான்கிரீட்தான். வார்ப்பதற்கு முன் டேப்பை வைத்து அளந்து போட்டோ எடுத்துவிடுங்கள். மூடிய பிறகு 50 மி.மீ. இருக்கிறதா, 20 மி.மீ. இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

ஷாஃப்ட், அதாவது தளத்துக்குத் தளம் கேபிள் ஏறும் செங்குத்துக் கூண்டு, என்றால் ஒரு கல் தடிமனில், அதாவது 230 மி.மீ. செங்கல் சுவர் தாராளம். சுவரில் யாரும் கோட்டை விடுவதில்லை. கோட்டை விடுவது கதவிலும், தளத்துக்குத் தளம் இருக்கும் ஓட்டையிலும். ஓட்டையைத் தீத்தடுப்புக் கலவையால் அடைக்காத ஷாஃப்ட் புகைபோக்கியாகத்தான் வேலை செய்யும். அப்புறம் கேமரா போடுகிறவர், கேபிள் டி.வி.க்காரர், இன்டர்நெட் இழுக்கிறவர் மூவருக்கும் ஷாஃப்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. அடைத்ததைக் குத்தி வயரை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பம்புக் கேபிள் வேறெந்த வயரோடும் சேராமல் தனித்து இருக்க வேண்டும் என்ற விதி அங்கே காற்றில் போகும். இந்த வழியின் உண்மையான செலவு அந்தப் பூட்டும், அதன் சாவியைக் கையில் வைத்திருக்கும் ஆளும்தான். அந்த ஆள் இல்லாத லாட்ஜுக்கு நான் ஷாஃப்டைச் சொல்ல மாட்டேன், கான்கிரீட்டைச் சொல்வேன்.

## வழி 3: தீ தாங்கும் கேபிள்

ஏற்கெனவே இருக்கும் கட்டடத்துக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது இதுதான். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடையில் எஃப்.ஆர்., எஃப்.ஆர்.எல்.எஸ். என்று கொடுப்பது தீ தாங்கும் கேபிள் இல்லை. அது தீயைப் பரப்பாது, எஃப்.ஆர்.எல்.எஸ். என்றால் புகையும் குறைவாக விடும், அவ்வளவுதான். நெருப்பில் சிக்கினால் சில நிமிஷத்தில் ஷார்ட் ஆகிவிடும். நமக்கு வேண்டியது எரியும்போதும் மின்சாரம் கடத்துகிற எஃப்.எஸ். கேபிள். பி.எஸ். 6387 என்ற பிரிட்டிஷ் தரச் சோதனையில் சி, டபிள்யூ, இசட் மூன்றும் தேறியதா என்று கேளுங்கள். 'சி' என்றால் 950 டிகிரியில் 3 மணி நேரம். 'டபிள்யூ' என்றால் தீயோடு தண்ணீரும் தெளித்து. 'இசட்' என்றால் தீயோடு அடியும் கொடுத்து. பில்லில் எஃப்.எஸ். என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. கேபிள் உறையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள், சோதனைச் சான்றையும் வாங்கி வையுங்கள்.

கேபிளை வாங்கியாயிற்று. அதை எதில் மாட்டுவது? நம் ஊரில் ஜி.ஐ. டிரே (கேபிளைத் தாங்கும், துத்தநாகம் பூசிய இரும்புத் தட்டு) சீக்கிரமே பொரிந்துபோகும் என்று ஃபைபர் டிரே போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. உப்புக்கு அது அருமையான பொருள்தான். தீயில் அது இளகிச் சரிந்தால் 3 மணி நேரம் தாங்கும் கேபிள் தரையில் விழுந்து, அடிபட்டு அறும். பிளாஸ்டிக் சேடில், பிளாஸ்டிக் டை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எஃப்.எஸ். கேபிளுக்கு இரும்புப் பிடி வேண்டும். கடலோரத்தில் அது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். 304 ரகம் மலிவு, ஆனால் கடற்காற்று நேராக அடிக்கும் சுவரில் அதுவும் புள்ளி புள்ளியாகத் துரு விடும். ஆணி அடிக்கும் பிளக்கும் பிளாஸ்டிக் வேண்டாம், உலோக ஆங்கர் போடச் சொல்லுங்கள். கேபிள் விலையே ஆர்மர்டு கேபிளைவிட நிறையக் கூடுதல். இந்தப் பிடி, ஆங்கர் செலவு அதற்குமேல் வரும். கொட்டேஷனில் இது இருக்காது.

இன்னொரு கணக்கையும் பலர் போடுவதில்லை. செம்பு சூடானால் அதன் தடை கூடும். 950 டிகிரியில் அது அறை வெப்பத்தில் இருப்பதைப்போல் 4 மடங்குக்கு மேல். அமெரிக்க விதிப்படி பம்பு ஸ்டார்ட் ஆகும்போது, அதை ஸ்டார்ட் செய்யும் கண்ட்ரோலர் பெட்டியின் முனையில் வோல்டேஜ் 15 சதவீதத்துக்கு மேல் விழக் கூடாது. 415 வோல்ட்டில் பார்த்தால் 353-க்குக் கீழே போகக் கூடாது. கேபிளின் நீண்ட பகுதி ஒரே பெரிய ஹாலுக்குள் போகிறதென்றால், அந்த ஹால் எரியும்போது கேபிள் உயிரோடு இருந்தும் மோட்டாரை இணைக்கும் கான்டாக்டர் (மின்காந்த சுவிட்ச்) பிடிக்காமல் போகலாம். அதனால் ஹாலை ஒட்டி 40 மீட்டர் ஓட்டாமல், சீக்கிரம் வெளிச்சுவருக்குப் போங்கள். முடியாவிட்டால் ஒரு அளவு தடித்த கேபிள்.

## வழி 4: டீசல் எஞ்சின் பம்பு

ஜெனரேட்டர் கேபிளே பம்பு அறைக்குப் போகத் தேவையில்லாமல் செய்துவிடுவது இது. எமர்ஜென்சி வயரிங் லைட்டுக்கும் அலாரத்துக்கும் லிஃப்டுக்கும் மட்டும். மின்சார பம்பு ஒன்று ஈ.பி.யில் ஓடும், அது நின்றால் டீசல் பம்பு எடுத்துக்கொள்ளும். உயரமான கட்டடங்களுக்கு இரண்டும் வேண்டும் என்று தேசிய விதித்தொகுப்பே கேட்கிறது. அவர்களுக்கு இதில் தேர்வு செய்ய ஒன்றுமில்லை.

மின் கேபிள் என்ற பலவீனமே இல்லாதது பெரிய பலம். ஆனால் இது பராமரிப்பைத் தின்னும். என்.எஃப்.பி.ஏ. (அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கம்) முறைப்படி வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்ட வேண்டும். டீசல் டேங்கின் கொள்ளளவு கிலோவாட்டுக்கு 5 லிட்டர் வீதம், அதற்குமேல் பத்து சதவீதம். 30 கிலோவாட் எஞ்சினுக்கு 165 லிட்டருக்கு மேல் பிடிக்கும் டேங்க் வேண்டும். பேட்டரி முனையில் பச்சையாகப் பூக்கும் உப்பைத் துடைக்க ஒரு ஆள் வேண்டும். பம்பு தள்ளும் தண்ணீரையே எஞ்சினைக் குளிர்விக்கவும் எடுக்கும் மாடலாக இருந்தால், உங்கள் சம்பில் போர் தண்ணீரா லாரித் தண்ணீரா என்று யோசியுங்கள். உப்புப் போர் தண்ணீர் அந்தக் குழாய்களை அரித்துவிடும். ரேடியேட்டர் மாடலுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அறைக்கு நல்ல காற்று வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அந்தக் காற்றோடு மணலும் உப்பும் சேர்ந்து வரும்.

ஆள் இருக்கும் கம்பெனிக்கு இது நல்லது. மண்டபம் பக்கம் ஐஸ் பிளான்ட்டும் குளிர் அறையும் வைத்திருப்பவர்களிடம் எஞ்சின் தெரிந்த மெக்கானிக் எப்படியும் இருப்பார். அமாவாசைக்கு மட்டும் நிரம்பி மற்ற நாளில் காலியாகக் கிடக்கும் லாட்ஜில், வாரா வாரம் யார் ஓட்டிப் பார்ப்பது?

## ஒரே பார்வையில்

| | மண்ணுக்கடியில் | கான்கிரீட் / ஷாஃப்ட் | எஃப்.எஸ். கேபிள் | டீசல் பம்பு |
|---|---|---|---|---|
| தீயில் | தீயே எட்டாது | 2 மணி நேரம், ஓட்டை அடைத்திருந்தால் | 3 மணி நேரம் வரை, பிடிகளும் தாங்கினால் | கேபிளை நம்பவில்லை |
| உப்பில் | மேலுறை கீறாதவரை நல்லது | பி.வி.சி. குழாயில் நல்லது | பிடியும் ஆங்கரும்தான் பலவீனம் | பேட்டரி, ரேடியேட்டர் |
| பழுது பார்க்க | குழாயில் இருந்தால் உருவி மாற்றலாம் | கான்கிரீட்டில் கடினம், ஷாஃப்டில் சுலபம் | சுலபம் | மெக்கானிக் வேண்டும் |
| பிரிவு நிலைக்குமா | நிலைக்கும் | கான்கிரீட்டில் நிலைக்கும், ஷாஃப்டில் சந்தேகம் | டிரேயில் வேறு வயர் ஏறும் | நிலைக்கும் |
| மறைந்த செலவு | தெரியாமல் வெட்டுவது | பூட்டு, கண்காணிப்பு | ஸ்டீல் பிடிகள், கூடுதல் தடிமன் | வாராந்திர ஓட்டம், டீசல், ஆள் |

## யாருக்கு எது

இடம் உள்ள மனையில், பம்பு கீழே இருக்கும் எந்தக் கட்டடத்துக்கும் நான் முதலில் சொல்வது வழி 1. மலிவும் அதுதான், உறுதியும் அதுதான். மிச்சமாகும் பணத்தை நிக்கல் பூசிய கிளாண்டு (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தின் பிடி), அதற்கு ரப்பர் மூடி, தகரம் பூசிய லக் (கேபிள் நுனியில் மாட்டும் முனை), உப்புக்காற்று புகாத பேனல் பெட்டி இவற்றில் போடுங்கள். இந்தக் கரையில் நான் பார்த்த பழுதுகளில் அதிகம் கேபிளின் நடுவில் வந்தவை அல்ல, இரண்டு நுனியிலும் வந்தவை.

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் லாட்ஜுகளுக்கு வெளியே இடமே கிடையாது. புதிதாகக் கட்டினால் கான்கிரீட். கட்டி முடித்ததென்றால் எஃப்.எஸ். கேபிள், அதையும் எமர்ஜென்சி லைட் கேபிள் போகாத மாடிப்படியின் ஓரமாக. மொட்டை மாடிப் பம்புக்கு வெளிச்சுவரில் ஏற்றுகிறீர்கள் என்றால், ஜன்னலுக்கு நேர் மேலே வேண்டாம். ஜன்னல் வழியாக வெளியே வரும் சுவாலை மேல்நோக்கித்தான் நக்கும். ஜன்னல் இல்லாத பக்கச் சுவராகத் தேடுங்கள்.

மஹாலுக்கு வருகிற கூட்டமும் சமையல்கூடமும் தனிக் கவலை. ஜெனரேட்டரும் பம்பும் சமையல்கூடத்துக்குப் பின்னால் ஒரே கொட்டகையில் இருந்தால், மேலே சொன்ன நான்கில் எதைச் செய்தும் பிரயோஜனமில்லை. முதலில் அவற்றைப் பிரியுங்கள், நடுவில் ஒரு சுவராவது எழுப்புங்கள், கேபிள் பேச்சு அப்புறம்.

எந்த வழியில் போனாலும் கிளம்பும் இடம் ஒன்று முக்கியம். பம்பின் பிரேக்கர் கட்டடத்தின் மெயின் பிரேக்கருக்கு முன்னாலேயே, தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். தீ என்றதும் வாட்ச்மேன் ஓடிப்போய் முதலில் மெயினைத்தான் இறக்குவார். வருகிற தீயணைப்பு வீரர்களும் அதைத்தான் கேட்பார்கள். பம்பு அதற்குப் பின்னால் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அதேபோல அறைகளுக்கெல்லாம் பொதுவான ஆர்.சி.சி.பி.க்கு (மின்கசிவு தெரிந்தால் விழும் பிரேக்கருக்கு) பின்னாலும் பம்பை வைக்காதீர்கள். ஏதோ ஒரு அறையின் கீசர் கசிந்ததற்குப் பம்பு விழக் கூடாது. கசிவுப் பாதுகாப்பைப் பம்பு சர்க்யூட்டில் எப்படி வைப்பது என்பதை மின் ஆய்வாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஈ.பி.யில் இருந்து ஜெனரேட்டருக்கு மாற, பம்புக்கென்று தனி மாற்று சுவிட்ச் வேண்டும், அதுவும் பம்பு அறையிலேயே. எமர்ஜென்சி லைட்டின் மாற்று சுவிட்சோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

வேலை முடிந்து பில் தீர்ப்பதற்கு முன் கான்ட்ராக்டரை நிற்க வைத்து ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். கட்டடத்தின் மெயினை இறக்குங்கள், பம்பு ஈ.பி.யில் ஓட வேண்டும். அடுத்து ஈ.பி.யையே நிறுத்துங்கள், ஜெனரேட்டர் எமர்ஜென்சி லைட், லிஃப்ட் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இருக்கும்போது பம்பை ஸ்டார்ட் செய்யுங்கள். அந்த நொடியில் கண்ட்ரோலர் முனையில் மீட்டர் 353 வோல்ட்டுக்குக் கீழே போனால் கேபிள் மெல்லியது, அல்லது ஜெனரேட்டர் சின்னது. எது என்று கண்டுபிடிக்க ஜெனரேட்டர் முனையிலும் ஒரு மீட்டரை வையுங்கள். அங்கேயே விழுந்தால் ஜெனரேட்டர். அங்கே நின்று பம்பு அறையில் மட்டும் விழுந்தால் கேபிள்.